பர்மாவுல எங்க ஏரிக்கரை: காலண்டரை விட தண்ணியப் பாருங்க

"ஐப்பசி கார்த்திகை அடைமழை"ன்னு எங்க ஊர் கிழவிங்க இன்னைக்கும் சொல்லுவாங்க. கப்பல்ல வந்த பெரியவங்க கொண்டு வந்த பேச்சு அது, நாலு தலைமுறை ஆகியும் வாயில நிக்குது. ஆனா பர்மாவுல கணக்கு வேற. இங்க வைகாசியில புடிக்கிற மழை ஆனி ஆடி ஆவணின்னு விடாம கொட்டி புரட்டாசி முடியறப்ப ஓயும், ஐப்பசியில வானம் வெளுத்துரும், கார்த்திகையில நாங்க அருவாளோட வயல்ல நிப்போம். தமிழ்நாட்டுல இருக்கற சொந்தக்காரங்க ஃபோன்ல "அங்க மழையா"ன்னு கேக்கறப்ப எல்லாம் இங்க வெயிலு, அவங்க வெயில்ல வாடறப்ப இங்க முட்டளவு தண்ணி.

நான் ரங்கூன்ல பொறந்து வளந்தவ, கல்யாணமாகி வந்த ஊரு பெகு டவுனுக்கு வடக்க மோயுன்ஜி ஏரிக்கரையில இருக்கு. வயல் வேலையெல்லாம் மாமா, அத்தை கிட்டதான் கத்துக்கிட்டேன். சமீப வருஷங்கள்ல ரங்கூன்ல வேலை இல்லாம ஊருக்கே திரும்பி வர்ற நம்ம பசங்க நெறய பேரு, அவங்கள்ல பாதிப் பேருக்கு வயலு தெரியும் ஆனா ஏரி தெரியாது, ரெண்டும் ஒண்ணுதான்னு நெனைக்கிறாங்க. அவங்களுக்காகத்தான் இதை எழுதறேன்.

மொதல்ல ஏரியப் பத்தி. பாக்கறதுக்கு இயற்கையா அமைஞ்ச மாதிரி இருக்கும், ஆனா இது தேக்கின தண்ணி. 1878-ல வெள்ளக்காரன் ஆட்சியில பெகு ஆத்தையும் சித்தாங் ஆத்தையும் சேக்கற கால்வாய வெட்டினாங்க, சித்தாங் ஆறு கடல்ல சேர்ற எடத்துல அலை ஆளுயரத்துக்கு எழும்பி ஆத்துக்குள்ளயே ஏறி வரும், படகெல்லாம் கவுந்துரும், அதனால உள்நாட்டு வழியாவே தேக்கு மரத்தையும் நெல்லையும் கொண்டு போகணும்னு அந்தக் கால்வாய். கால்வாய்க்கு வருஷம் பூரா தண்ணி வேணுமில்லையா, பெகு யோமா மலையில இருந்து எறங்கற ஓடைத் தண்ணிய கரை போட்டு நிறுத்தினாங்க, அதுதான் மோயுன்ஜி. 10,359 ஹெக்டேர், அதாவது 40 சதுர மைல். 1988-ல பறவைகளுக்காக சரணாலயம் ஆக்கினாங்க, 2004-ல ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான சதுப்பு நெலங்களோட பட்டியல்ல சேத்தாங்க, பர்மாவுலயே அந்தப் பட்டியல்ல மொதல்ல ஏறினது இதுதான். தமிழ்நாட்டுக்காரங்களுக்கு வேடந்தாங்கல், பள்ளிக்கரணை எல்லாம் ராம்சார் எடம்னு தெரிஞ்சிருக்கும், அதே மாதிரிதான்.

ஆனா வேடந்தாங்கல்ல நடுவுல போயி யாரும் நெல்லு நட மாட்டாங்க. இங்க நடுவாங்க. ஏரி மழையில விரிஞ்சு கோடையில சுருங்கும், சுருங்கின எடமெல்லாம் வயலு ஆயிரும், மறுபடி மழை வந்தா வயலு ஏரி ஆயிரும். எது வயலு எது ஏரிங்கறத காகிதத்துல கோடு போட்டு சொல்லிரலாம், தண்ணிக்கு அது தெரியாது. இந்த ஒண்ணு மனசுல ஏறிட்டா மீதி எல்லாம் தானா வரும்.

நம்மாளுங்க இங்க வந்ததே நெல்லுக்காகத்தான். 1852-ல வெள்ளக்காரன் கீழ் பர்மாவ புடிச்சதுக்கு அப்புறம் காட்டையும் சதுப்பையும் அழிச்சு வயலாக்கினாங்க, 1869-ல சூயஸ் கால்வாய் தொறந்ததும் அரிசி வியாபாரம் பெருகி ஆள் தேவைப்பட்டுச்சு, தஞ்சாவூரு ராமநாதபுரம் புதுக்கோட்டை பக்கம் இருந்து கப்பல் கப்பலா வந்தாங்க. செட்டியாருங்க கடன் குடுத்தாங்க, மத்தவங்க கூலிக்கு நட்டாங்க அறுத்தாங்க மூட்ட தூக்கினாங்க. 1942-ல சண்டைக்குப் பயந்து நடந்தே இந்தியா போனவங்க போக, 1964-ல கடைங்கள அரசாங்கம் எடுத்துக்கிட்டப்ப டவுன்ல இருந்தவங்க பல பேரு கப்பல் ஏறினது போக, வயக்காட்டுல கால வச்சவங்க நெறய பேரு இங்கயே நின்னுட்டாங்க. எங்க வீட்டு ஆளுங்க அப்படி நின்னவங்க.

சரி, மழைக்கு வருவோம். பெகு பக்கம் வருஷத்துக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல பேயும், மெட்ராஸ்ல பேயறதப் போல ரெண்டு மடங்குக்கும் மேல, அதுவும் முக்கால்வாசி நாலு மாசத்துக்குள்ள. அதனால மழைக்கு முன்னாடி செய்யற வேலைதான் மழையில உயிர் காக்கும். சித்திரை வருஷப் பொறப்பும் பர்மாக்காரங்க புது வருஷத் தண்ணித் திருவிழா தஜானும் ஒரே வாரத்துல வரும், தண்ணி ஊத்தி விளையாடி முடிச்ச கையோட எங்க அத்தை வேலைய ஆரம்பிச்சிருவாங்க. வெறகு, மாட்டுத் தீவனம், விதை, உப்பு, நாப்பிங்கற மீன் விழுது, கருவாடு எல்லாம் மேல் தட்டுக்கு ஏறணும். இங்க வீடெல்லாம் கால் நட்டு உசரத்துல கட்டறதுதான், ஆனா உசரத்துல இருக்கோம்னு விட்டுட்டா வெறகு கீழயே நனைஞ்சு போகும், மழை நாள்ல நனைஞ்ச வெறக வச்சுக்கிட்டு சோறு ஆக்கிப் பாத்தவங்களுக்குத்தான் தெரியும் அந்தக் கஷ்டம்.

எல்லாத்துக்கும் மேல காயிதம். 1982 குடியுரிமைச் சட்டத்துக்கு அப்புறம் நம்ம ஜனங்கள்ல எத்தனையோ பேருக்கு கார்டு சரியா இல்ல, தாத்தா பேரு ஒரு மாதிரி அப்பா பேரு ஒரு மாதிரி இருக்கும், வீட்டு லிஸ்டுல பேரு இருக்கறது மட்டும்தான் சில பேருக்கு ஆதாரம். அந்த ஒரு காயிதம் நனைஞ்சா திரும்ப வாங்கறது எவ்வளவு பெரிய பாடுன்னு நான் சொல்லத் தேவையில்ல. கார்டு, வீட்டு லிஸ்டு, நெலத்துக் காயிதம், பிள்ளைங்க பொறந்த சர்டிபிகேட், பள்ளிக்கூட சர்டிபிகேட் எல்லாத்தையும் தடிச்ச பிளாஸ்டிக் பையில போட்டு, காத்த அமுக்கி எடுத்து, வாய மடிச்சு ரப்பர் பேண்டு போட்டு, அதை மூடி இறுகுற டப்பாவுல வைங்க. ஒவ்வொண்ணையும் ஃபோன்ல படம் எடுத்து வேற ஊர்ல இருக்கற ஒரு சொந்தக்காரருக்கும் அனுப்பி வைங்க. டப்பா எங்க இருக்குன்னு வீட்டுல சின்னப் பிள்ளைக்கும் தெரியணும். 2008 மே மாசம் 2, 3 தேதியில நர்கிஸ் புயல் வந்தப்ப கீழ் பர்மாவுல 1,30,000 பேருக்கு மேல செத்தும் காணாமலும் போனாங்க, பொழச்சவங்கள்ல எத்தனையோ பேரு நான் இன்னாருன்னு காட்ட ஒரு துண்டுக் காயிதம் இல்லாம நின்னாங்க.

குடிதண்ணிக்கு எங்க ஊர்ல மழைத் தண்ணிதான் நல்லது. ட்வாண்டே ஜாடி தெரியுமில்லையா, அந்தப் பெரிய மண் ஜாடிங்க வீட்டுக்கு வீடு இருக்கும். மொத மழையில கூரைத் தண்ணிய புடிக்காதீங்க, ரெண்டு மூணு நல்ல மழை பேஞ்சு கூரையில இருக்கற தூசி, பறவை எச்சம் எல்லாம் கழுவிப் போகட்டும். ஜாடி வாய மெல்லிசு துணி போட்டு இறுக்கிக் கட்டுங்க, ஏன்னா டெங்கு கொசு அழுக்குத் தண்ணிய அவ்வளவா தேடாது, இப்படி வீட்டுக்குள்ள வச்சிருக்கற நல்ல தண்ணியிலதான் அதிகமா முட்டை போடும். வெள்ளம் நேரத்துல ஏரித் தண்ணியத்தான் குடிக்கணும்னு வந்துட்டா படிகாரம் போட்டு தெளிய வச்சு, அதுக்கப்புறம் கொதிக்க வச்சுத்தான் குடிக்கணும். படிகாரம் சேத்தை எறக்கும், கிருமிய கொல்லாது. தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கேன்னு அப்படியே பிள்ளைங்களுக்கு குடுத்துராதீங்க.

மழை ஆரம்பத்துல மீனு ஏரியில இருந்து வயலுக்கு ஏறும், முட்டை போட. அப்ப ஏரி ஓரத்துல நின்னு பாத்தீங்கன்னா தண்ணி மேல செவப்பா ஒரு திட்டு தெரியும், உள்ளங்கை அகலத்துக்கு, கொதிக்கற மாதிரி துடிச்சுக்கிட்டே நகரும், கிட்டப் போயி பாத்தா அத்தனையும் விரால் குஞ்சு. அடியில தாயும் தகப்பனும் காவலுக்கு சுத்திக்கிட்டு இருக்கும். அந்தத் திட்டப் பாத்து ஈட்டி எறிஞ்சா பெரிய மீனு நிச்சயம் கெடைக்கும், பசங்களுக்கு அது தெரியும். ஆனா தாய எடுத்துட்டா அந்தக் குஞ்சு அத்தனையையும் அன்னைக்கே மத்த மீனுங்க தின்னுரும். எங்க மாமா இந்த ஒரு விஷயத்துல மட்டும் யாரா இருந்தாலும் சத்தம் போடுவாரு. இப்ப பேட்டரி வச்சு கரண்டு குடுத்து மீன் புடிக்கறது வேற வந்துருச்சு, சட்டப்படி தப்புங்கறது ஒரு பக்கம், அது குஞ்சு பெருசுன்னு பாக்காம அடிச்சுப் போடறதால ரெண்டு வருஷத்துல அந்த எடத்துல மீனே இருக்காது. கரண்டு வச்சுப் புடிக்கறவன் கிட்ட மீன் வாங்காதீங்க, விலை கொறைவா குடுத்தாலும் வாங்காதீங்க.

பாம்பப் பத்தி கொஞ்சம் நீட்டியே சொல்லணும். வெள்ளம் ஏறினா மனுசன் மாதிரி பாம்பும் எலியும் மேட்டுக்குத்தான் வரும், வரப்புக்கும் வீட்டு அடிக்கும் களத்துக்கும் வரும். அப்புறம் அறுப்பு நேரம், நெல்லு இருக்கற எடத்துல எலி, எலி இருக்கற எடத்துல கண்ணாடி விரியன். பாம்புக் கடியால உலகத்துலயே அதிகமா அடிபடற நாடுகள்ல பர்மா ஒண்ணு, கடிபடறவங்கள்ல பெரும்பகுதி நம்மள மாதிரி வயல்ல நிக்கறவங்க. பர்மாக்காரங்க முவேப்வேன்னு சொல்ற இந்தக் கண்ணாடி விரியன் ஓடாது, நாம மிதிக்கற வரைக்கும் படுத்தேதான் கெடக்கும், காஞ்ச வைக்கோல் நெறத்துல இருக்கறதால கண்ணுக்கும் தெரியாது. அதனால கெண்டைக்கால் வரைக்கும் வர்ற ரப்பர் பூட்ஸ் போடுங்க. சேத்துல பூட்ஸ் மாட்டிக்கும், வேகமா வேலை செய்ய முடியாதுன்னு எல்லாரும் சொல்றதுதான், நடவுக்கு சரி, ஆனா அறுப்புக்கு தரை காஞ்சிருக்கும், அப்ப போட என்ன. கட்டு தூக்கறதுக்கு முன்னாடி கம்பால பொரட்டிப் பாருங்க. ராத்திரி டார்ச் இல்லாம வரப்புல நடக்காதீங்க, கழிப்பறைக்குக் கூட.

போன அறுப்புல பக்கத்து வீட்டு அண்ணனுக்கு கணுக்கால்ல கடிச்சிருச்சு. கூட இருந்தவங்க கயிறு எடுத்து முட்டிக்கு கீழ இறுக்கப் போனாங்க, ஒருத்தரு பிளேடு எடுத்துட்டு வந்தாரு. எங்க வீட்டுக்காரரு ரெண்டையும் வாங்கி தூரப் போட்டுட்டாரு. கயிறு கட்டினா ரத்தம் நின்னு கால் அழுகிப் போகும், கீறினா இந்தப் பாம்பு விஷத்துக்கு ரத்தம் உறையாது, அந்தக் காயத்துலயே ரத்தம் போயி ஆளு போயிரும், வாயால உறிஞ்சறதால ஒரு பிரயோசனமும் கெடையாது. அண்ணன நடக்க விடல, படுக்க வச்சு, கால ரெண்டு பக்கமும் மூங்கில் பத்தை வச்சு ஆடாம கட்டி, தோலாஜிங்கற டிராக்டர் வண்டியில வைக்கோல் போட்டு அதுல ஏத்தி கொண்டு போனாங்க. மணி என்னன்னு பாத்து அவரு கையிலயே பேனாவால எழுதினது அத்தை, டாக்டரு மொதல்ல கேட்டதும் அதைத்தான்.

ஆஸ்பத்திரியில நர்சம்மா கொஞ்சம் ரத்தம் எடுத்து சுத்தமான கண்ணாடிக் குழாயில ஊத்தி மேசை மேல நிக்க வச்சாங்க. 20 நிமிஷம் யாரும் தொடக்கூடாது. அந்த 20 நிமிஷமும் அண்ணன் சம்சாரம் அந்தக் குழாயையேதான் பாத்துக்கிட்டு நின்னுச்சு. அப்புறம் நர்சம்மா குழாய மெதுவா சாச்சாங்க, ரத்தம் உறைஞ்சிருந்தா அப்படியே ஒட்டி நிக்கும், இது தண்ணியாட்டம் ஓடி வாய்க்கு வந்துருச்சு. விஷம் ஏறியிருக்குன்னு அதுலயே தெரிஞ்சுபோச்சு, ஒடனே விஷமுறிவு மருந்து ஏத்தினாங்க. அந்த மருந்து நாட்டுலயே, ரங்கூன்ல குதிரை ரத்தத்துல இருந்து தயாரிக்கறாங்க, ஆனா சின்ன கிளினிக்ல எல்லாம் இருக்காது, அதனால எந்த ஆஸ்பத்திரியில ஸ்டாக் இருக்குன்னு அறுப்புக்கு முன்னாடியே ஃபோன் பண்ணி கேட்டு வச்சுக்கணும். கண்ணாடி விரியன் விஷம் கிட்னியத்தான் அடிக்கும், ஆளு நல்லா பேசறாரேன்னு வீட்டுக்கு கூட்டிட்டு வந்துரக் கூடாது, ஒண்ணுக்கு கொறையுதா, நெறம் மாறுதான்னு சில நாளைக்கு பாத்துக்கிட்டே இருக்கணும். அண்ணன் இப்ப நல்லா இருக்காரு, உளுந்து வயலுக்கு வந்துட்டாரு. மந்திரிக்க கூட்டிட்டுப் போறதா இருந்தா மருந்து ஏத்தின பிறகு போங்க, நானும் சாமி கும்பிடறவதான், ஆனா நேரத்த விட்டா சாமியும் திரும்பக் குடுக்காது.

இனி தண்ணி எறங்கற காலம். என்னைக் கேட்டா வருஷத்துலயே நல்ல காலம் இதுதான், அதே நேரம் புத்தி அதிகமா வேண்டியதும் இப்பத்தான். தடிஞ்சு பௌர்ணமி அக்டோபர்ல வரும், பர்மாக்காரங்க வெளக்கு வைப்பாங்க, பௌத்த சாமியாருங்க மழைக்கால விரதம் முடியும், அது வரைக்கும் ஏரி ததும்பி நிக்கும். அடுத்த பௌர்ணமி தசாங்டைன், அதுவும் வெளக்குத் திருவிழாதான். நம்ம கார்த்திகை தீபம் சில வருஷம் அதையொட்டி வரும், சில வருஷம் அதுக்கும் அடுத்த பௌர்ணமியில வரும், ஊரே ரெண்டு தடவை வெளக்கு வச்ச மாதிரி இருக்கும், ஒரு சொட்டு மழை அணைக்காது. தடிஞ்சுக்கும் தசாங்டைனுக்கும் நடுவுல தண்ணி எவ்வளவு எறங்குதுங்கறதுதான் எங்க வருஷக் கணக்கு.

மாமா கிட்ட ஒரு மூங்கில் இருக்கு, கையளவுக்கு ஒண்ணா வெட்டு போட்டது. கீழ் வயலு ஓரத்துல அதைக் குத்தி வச்சிருப்பாரு, காலையில பல்லு வெளக்கற நேரத்துல போயி பாப்பாரு. தண்ணி ஒரே சீரா எறங்கினா சந்தோஷம். எறங்கி, நின்னு, திரும்ப ஏறினா மலைப் பக்கம் மழைன்னு அர்த்தம், அப்ப நாத்து பறிக்க ஆள் சொல்ல மாட்டாரு. ஏரிக்குள்ள தண்ணி எறங்க எறங்க அந்த ஓரத்தைத் தொரத்திக்கிட்டே நடற நெல்லுக்கு இங்க மயின்னு பேரு, மேட்டு வயல்ல மழைக்கு நடறது வேற, இது வேற. மயினுக்கு நாத்து சின்னதா இருக்கக் கூடாது, நல்லா வளந்து முதிர்ந்த நாத்துதான் வேணும், ஏன்னா நடற எடத்துல இன்னும் முட்டிக்கு கீழ தண்ணி நிக்கும், சேறு கெண்டைக்கால் வரைக்கும் வாங்கும், சின்ன நாத்து முங்கி அழுகிரும். ஒரே நாள்ல மொத்த நெலத்தையும் நட்டு முடிக்கணும்னு ஆசைப்படாதீங்க, இன்னைக்கு வெளிய வந்த பட்டைய மட்டும் நடுங்க, அடுத்தது அடுத்த வாரம் வரும். இப்படி படிப்படியா நட்டா ஒரு பட்டைக்கு கேடு வந்தாலும் மீதி நிக்கும். அறுப்பு சித்திரைக்குள்ள, தப்பினா வைகாசிக்குள்ள முடியணும், அடுத்த மழை வந்தா அந்த வயலு மறுபடி ஏரி. தண்ணி தொறக்கறது மூடறது நம்ம கையில இல்ல, மதகு அரசாங்கத்து கையில, அதனால மதகுக்காரங்க எப்ப தொறக்கப் போறாங்கன்னு ஊர்ப் பெரியவங்க மூலமா கேட்டுட்டு அப்புறம் நாத்து விடுங்க.

மேட்டு வயல்ல அறுப்பு ஆனதும் உளுந்து. பர்மாக்காரங்க மாபேன்னு சொல்லுவாங்க. தமிழ்நாட்டுல நீங்க திங்கற இட்லி தோசையில எங்க பெகு உளுந்து எத்தனையோ தடவை போயிருக்கும், இந்தியா வெளியில இருந்து வாங்கற உளுந்துல பெரும்பகுதி பர்மாவுலருந்துதான் போகுது. தனியா தண்ணி பாச்ச மாட்டோம், நெல்லு விட்டுட்டுப் போன ஈரம், காலையில எறங்கற பனி, அவ்வளவுதான் அதுக்கு. தஞ்சாவூரு பக்கம் நெல் தரிசுல உளுந்து தெளிக்கறாங்கல்ல, அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாளைக்கு முன்னாடி நிக்கற நெல்லுக்குள்ளயே வீசி விடறது, அதே பழக்கம் இங்கயும் நம்ம ஆளுங்க கிட்ட இருக்கு, தாத்தாமாருங்க கையோட வந்திருக்கணும்னு நெனைக்கிறேன்.

ஈரம் பாக்கறது கைப் பழக்கம். விரல் ஆழத்துக்கு தோண்டி ஒரு புடி மண்ண எடுத்து அமுக்குங்க, விரலு நடுவுல தண்ணி கசிஞ்சா இன்னும் பொறுங்க, வெதை அழுகிரும். உருண்டையா நின்னு, கட்டை விரலால தட்டினா உடைஞ்சா அன்னைக்கே வெதைங்க. உருண்டையே நிக்கலன்னா நேரம் போயிருச்சு, அந்த வயல்ல காசு போடாதீங்க. இந்த நல்ல ஈரம் நாலஞ்சு நாளுக்கு மேல நிக்காது, அதனால அறுப்பு ஆளு, கட்டு தூக்கற ஆளு, வெதை எல்லாம் முன்னாடியே தயாரா இருக்கணும். எங்க வீட்டுல அறுத்த கட்ட வரப்புக்கு ஏத்தின அன்னைக்கே வெதை எறங்கும், களத்து வேலைய எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். எலை மஞ்சத் திட்டு திட்டா வந்தா அது தேமல், வெள்ளை ஈ பரப்பறது, செடிய பிடுங்கி பொதைச்சிருங்க, மருந்து அடிச்சா அந்தச் செடி திரும்பாது. காய் பெரும்பாலும் கருத்ததும் விடியக்காலம் பனி ஈரத்தோட பிடுங்குங்க, வெயில் ஏறினா காய் வெடிச்சு பாதி மண்ணுல போயிரும்.

உளுந்து போடறவங்க ஏரிய மட்டும் பாத்தா போதாது, தில்லியையும் பாக்கணும். 2017 ஆகஸ்டுல இந்தியா திடீர்னு பருப்பு இறக்குமதிக்கு அளவு வச்சுது, உளுந்தும் பாசிப்பயறும் சேத்து வருஷத்துக்கு 3 லட்சம் டன்னுதான்னு. அந்த ஒரு உத்தரவுல இங்க விலை தரைமட்டம் ஆச்சு, மூட்டைய வீட்டுல வச்சுக்கிட்டு விக்கவும் முடியாம வைக்கவும் முடியாம அழுதவங்க எங்க ஊர்லயே இருக்காங்க. அப்புறம் 2021-ல ரெண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு அஞ்சு வருஷத்துக்கு வருஷா வருஷம் 2.5 லட்சம் டன் உளுந்து, 1 லட்சம் டன் துவரைன்னு ஆச்சு. அந்த அஞ்சு வருஷத்துக்கு அப்புறம் என்ன செய்தி வருதுன்னு வெதைக்கறதுக்கு முன்னாடியே காதுல போட்டு வைங்க. நமக்கு ஒரு வசதி இருக்கு, தமிழ் நியூஸ் நமக்குப் புரியும், பக்கத்து பர்மாக்கார விவசாயிக்கு அந்தச் செய்தி புரோக்கர் வாய் வழியா, புரோக்கருக்கு தோதான நேரத்துலதான் போயி சேரும். நாம கேட்டதை அவங்களுக்கும் சொல்லணும். எங்க தெருவுல அப்படித்தான் செய்யறோம், அவங்களும் மதகுச் செய்தி வந்தா மொதல்ல நம்ம வீட்டுக்குத்தான் வந்து சொல்றாங்க.

பறவைங்க நவம்பர்ல வந்துரும். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி எல்லாம் வடக்க சைபீரியா பக்கம் இருந்து வருது, சீழ்க்கைச் சிறகியும் நத்தைகுத்தி நாரையும் நீலத் தாழைக்கோழியும் ஆயிரக்கணக்குல நிக்கும். விடியக்காலம் படகுல போனா தாமரை எலை மேல இலைக்கோழி நடக்கறத பாக்கலாம், நீளமான விரலு, எலை லேசா அமுங்கும் ஆனா முங்காது. ரங்கூன்ல இருந்து பாக்க வர்றவங்க டிசம்பர் ஜனவரியில வாங்க, காலையில ஏழு மணிக்குள்ள படகுல ஏறிருங்க, வெயில் வந்தா நடுத் தண்ணிக்கு போயிரும். பிப்ரவரி கடைசியில வடக்க திரும்ப ஆரம்பிச்சிரும்.

ஆனா மயின் நாத்த தாழைக்கோழி பிடுங்கித் திங்கும், அது உண்மை. அதுக்காக நெல்லுல பூச்சி மருந்து கலந்து வரப்புல வைக்கறவங்க இருக்காங்க. நான் இதை வன்மையா எதுக்கறேன். அந்த நெல்லத் தின்ன கோழிய நாயி தின்னுச்சு, நாயி செத்துச்சு. மருந்து தண்ணியில எறங்கினா மீனுக்கும் போகும், மீன திங்கறது நாமதான். சில பேரு செத்த பறவைய டவுனுக்கு கொண்டு போயி வித்துட்டும் வர்றாங்க, வாங்கறவங்களுக்கு என்ன தெரியும். எங்க வீட்டுல நாத்து நட்ட மொத ரெண்டு வாரம் மட்டும் பழைய கேசட் நாடாவயும் பிளாஸ்டிக் கீத்தையும் கயித்துல கட்டி காத்துல ஆட விடறோம், விடிகாலையிலயும் சாயங்காலமும் பிள்ளைங்க தகரம் தட்டும். ரெண்டு வாரம் போனா நாத்து வேர் புடிச்சிரும், அப்புறம் கோழியால அவ்வளவா பிடுங்க முடியாது. ஓரத்துல கொஞ்சம் போகும்தான். ஏரிக்குள்ள போயி நட்டுட்டு ஏரிக்கோழி ஒரு வாய் கூட திங்கக்கூடாதுன்னா அது நியாயமா எனக்குப் படல. நத்தைகுத்தி நாரை வயல்ல எறங்கினா வெரட்டாதீங்க, நெல்ல கடிக்கற நத்தைய அதுதான் எடுக்குது.

மாசி பங்குனி கோடை. காவடி தீமிதி எல்லாம் வேலை கொறைஞ்ச இந்த மாசங்கள்லதான். ஏரி நடுவுல ஒதுங்கிரும், கரையெல்லாம் வெடிப்பு, மாடுங்க உள்ள வரைக்கும் போயி மேயும். சாயங்காலத்துக்குள்ள ஓட்டிட்டு வந்துருங்க, குட்டையில மீன் வாரறவங்க வெட்டின குழி இருக்கும், இருட்டுல மாடு கால உடைச்சுக்கும். வேற பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, கரைய பலப்படுத்தறது, கூரை மாத்தறது, கல்யாணம் பண்றது எல்லாம் இப்பத்தான்.

மழை நிக்கற நேரம்தான் இப்பல்லாம் முன்ன மாதிரி இல்ல. 2023 அக்டோபர்ல, மழை முடிஞ்சிருச்சுன்னு எல்லாரும் நெனைச்ச நேரத்துல கொட்டி பெகு டவுனே முங்கிச்சு. மறு வருஷம் செப்டம்பர்ல யாகி புயலோட மிச்சம் வந்து மறுபடி வெள்ளம். கதிர் வர்ற நேரத்துல முங்கின நெல்லு எழுந்திரிக்காது. அதுல இருந்து வெதை நெல்ல எங்க வீட்டுல ஒரே எடத்துல வைக்கறதில்ல, பாதி எங்க வீட்டு மேல் தட்டுல, பாதி மேட்டுத் தெருவுல நாத்தனார் வீட்டுல. நெல்லு ரகத்தையும் பிரிச்சுட்டோம், தாழ்வுல உசரமா வளர்ற நாட்டு நெல்லு, மேட்டுல சீக்கிரம் வர்றது. தடிஞ்சு முடிஞ்ச ஒடனே நாத்து விடறதும் இல்ல. மூங்கில்ல தண்ணி ஒரு வாரம் தொடர்ந்து எறங்கினாத்தான் கீழ் வயலுக்கு நாத்து, அது தசாங்டைன் தாண்டிப் போனாலும் சரி. மாமா வெட்டுக் கணக்கு சொல்லச் சொல்ல மக அதை பள்ளிக்கூட நோட்டுல தேதியோட எழுதுது, இப்ப பக்கத்து நாலு வீட்டுக்காரங்களும் நாத்து விடறதுக்கு முன்னாடி அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பாத்துட்டுத்தான் போறாங்க.